ஒளியைத் திசை திருப்பும் வெள்ளித் துகள்கள்

மாணவர்களே, இந்த வாரம் ஒரு கேள்வியோடு தொடங்குவோம். சூரிய மின்கலத்தின் மேல் வெள்ளியைத் தூவினால் என்ன ஆகும்?

“வெள்ளி பளபளப்பான உலோகம். அது ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். கலத்திற்குள் போகும் ஒளி குறையும். மின்சாரமும் குறையும்.” உங்களில் பலர் இப்படித்தான் சொல்வீர்கள். நியாயமான பதில்தான். ஒரு வெள்ளித் தகட்டை அப்படியே மேலே வைத்து மூடினால் நடப்பதும் அதுவே.

ஆனால், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறுவிதமாக இருந்தது. மிக மெல்லிய ஒரு சிலிக்கான் கலத்தின் மேல் கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்களை உருவாக்கினார்கள். 1050 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியில் அந்தக் கலத்தின் செயல்திறன் ஏறக்குறைய 16 மடங்கு உயர்ந்தது.

16 மடங்கு! அப்படியென்றால், நம் வீட்டுக் கூரையில் இருக்கும் தகடுகளில் வெள்ளியைத் தூவினால் மின்சாரமும் 16 மடங்கு கிடைக்குமா? கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதும், அந்த 16 எப்படி வந்தது என்பதும் இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெல்லிய கலம் எதற்கு?

இன்று கூரைகளில் நாம் காணும் பெரும்பாலான தகடுகள் சிலிக்கானால் ஆனவை. சிலிக்கானுக்கு மூலப்பொருள் குவார்ட்ஸ் எனப்படும் சாதாரணக் கல்தான். ஆனால் அதைத் தூய சிலிக்கானாக மாற்றுவது சாதாரண வேலை இல்லை. சிலிக்கான் உருகும் வெப்பநிலை 1414 டிகிரி செல்சியஸ். உருக்கி, பெரிய படிகமாக வளர்த்து, பிறகு மெல்லிய கம்பியால் ரொட்டித் துண்டுபோல் வில்லை வில்லையாக அறுக்கிறார்கள். அறுக்கும்போது ஒரு பகுதி தூளாகவே போய்விடும். இவ்வளவுக்கும் நிறைய மின்சாரம் தேவை.

இப்படிக் கிடைக்கும் ஒரு வில்லையின் தடிமன் சுமார் 150 முதல் 200 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடிகளில் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தத் தடிமன் வந்துவிடும்.

இதற்குப் பதிலாக, கண்ணாடியின் மேல் 1 அல்லது 2 மைக்ரோமீட்டர் தடிமனில் மட்டும் சிலிக்கானைப் படியவைத்துக் கலம் செய்யலாம். ஒரு வில்லைக்குத் தேவைப்படும் சிலிக்கானில் ஏறக்குறைய நூறு மெல்லிய கலங்களைச் செய்துவிடலாம். வேறொரு நன்மையும் உண்டு. ஒளியால் விடுபட்ட எலெக்ட்ரான் கலத்தின் விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டிய தூரம் குறைகிறது. தூரம் குறைந்தால் அது வழியில் தொலைந்துபோகும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே சிலிக்கான் மிக உயர்ந்த தூய்மையில் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

இவ்வளவு நன்மை இருக்கும்போது எல்லாரும் மெல்லிய சிலிக்கானுக்கு மாறியிருக்க வேண்டுமே? ஏன் மாறவில்லை?

நழுவிப்போகும் ஒளி

சிலிக்கான் எல்லா நிற ஒளியையும் ஒரே வேகத்தில் விழுங்குவதில்லை. நீல ஒளியை உடனே விழுங்கும். சிவப்பு ஒளியைத் தயங்கித் தயங்கி விழுங்கும். அகச்சிவப்பில் இன்னும் மந்தம். ஏறக்குறைய 1100 நானோமீட்டருக்கு மேல் போனால் அநேகமாக விழுங்குவதே இல்லை.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். சிலிக்கானுக்குள் நுழையும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறிஞ்சப்பட எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கணக்கிடுவோம்.

400 நானோமீட்டர், அதாவது ஊதா ஒளிக்கு: சுமார் 0.1 மைக்ரோமீட்டர்.
500 நானோமீட்டர், நீலப்பச்சை ஒளிக்கு: சுமார் 1 மைக்ரோமீட்டர்.
800 நானோமீட்டர், சிவப்பைத் தாண்டிய ஒளிக்கு: சுமார் 12 மைக்ரோமீட்டர்.
1000 நானோமீட்டர், அகச்சிவப்பு ஒளிக்கு: சுமார் 150 மைக்ரோமீட்டர்.

இப்போது 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதா ஒளி தப்பிக்க முடியாது. ஆனால் 800 நானோமீட்டர் ஒளியில் 100க்குச் சுமார் 8 பங்குதான் உறிஞ்சப்படும். மீதி 92 பங்கு கலத்தைக் கடந்து மறுபக்கம் போய்விடும். 1000 நானோமீட்டரிலோ 100க்கு ஒரு பங்குகூட உறிஞ்சப்படுவதில்லை. சூரிய ஒளியின் ஆற்றலில் பெரும்பங்கு சிவப்பிலும் அகச்சிவப்பிலும் இருக்கிறது என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும்.

எல்லாப் பொருளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. கெடா மாநிலத்தின் கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலையில் தயாராகும் தகடுகள் காட்மியம் டெலுரைடு என்ற சேர்மத்தால் ஆனவை. அது ஒளியை வேகமாக விழுங்கும். சில மைக்ரோமீட்டர் தடிமனே போதும். ஆனால் டெலுரியம் பூமியில் அரிதாகக் கிடைக்கும் தனிமம். சிலிக்கானோ பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் உள்ள தனிமம். அதனால்தான் மந்தமான சிலிக்கானையே மெல்லியதாக்கி வேலை வாங்க முடியுமா என்று அறிவியலாளர்கள் முயல்கிறார்கள்.

குறுக்கே போகாமல் நீளவாக்கில் போனால்?

உங்கள் பள்ளியின் நடைபாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அகலம் 2 மீட்டர், நீளம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேராகக் குறுக்கே நடந்தால் மூன்று அடியில் வெளியே வந்துவிடுவீர்கள். அதே நடைபாதையில் நீளவாக்கில் திரும்பினால் 60 மீட்டர் நடக்க வேண்டும். நடைபாதை மாறவில்லை, நீங்கள் போகும் திசைதான் மாறியது.

ஒளிக்கும் இதைச் செய்யலாம். கலத்தைத் தடிமனாக்க முடியாவிட்டால், ஒளியைச் சாய்த்து உள்ளே அனுப்பலாம்.

சாய்ந்து போகும் ஒளி மறுபக்கத்தில் வெளியேறிவிடாதா? இங்கேதான் படிவம் 4 இயற்பியலில் நீங்கள் படித்த ‘பந்துலான் டாலாம் பெனுஹ்’, அதாவது முழு அகப் பிரதிபலிப்பு, உதவிக்கு வருகிறது. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. மாறுநிலைக் கோணத்தின் சைன் மதிப்பு 1-ஐ 3.5-ஆல் வகுத்தால் வரும்: சுமார் 0.286. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். கோணம் ஏறக்குறைய 17 டிகிரி. கண்ணாடிக்கு இது 42 டிகிரி. ஆக, சிலிக்கானுக்குள் செங்குத்துக் கோட்டிலிருந்து 17 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்ட ஒளி காற்றுக்குள் வெளியேற முடியாது. மேலும் கீழும் மோதி மோதி உள்ளேயே ஓடும். ஓடும் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்படும்.

இப்படிச் சிறைப்படுத்துவதால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதை எலி யாப்லோனோவிச் என்ற இயற்பியலாளர் 1982ஆம் ஆண்டில் கணக்கிட்டார். ஒளி எல்லாத் திசைகளிலும் சீராகச் சிதறினால், அது பயணம் செய்யும் தூரம் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தைப்போல் நான்கு மடங்கு வரை நீளலாம். சிலிக்கானுக்கு 3.5 × 3.5 × 4 = 49. ஆக 1 மைக்ரோமீட்டர் கலம் கிட்டத்தட்ட 50 மைக்ரோமீட்டர் கலம்போல் வேலை செய்யக்கூடும்.

தடித்த சிலிக்கான் வில்லைகளில் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். மேற்பரப்பை இரசாயனத்தால் அரித்து, சில மைக்ரோமீட்டர் உயரமுள்ள சின்னச் சின்னக் கூம்புகளை உருவாக்குகிறார்கள். அவை ஒளியைச் சாய்த்துவிடும். ஆனால் கலத்தின் மொத்தத் தடிமனே 1 மைக்ரோமீட்டர் என்றால், அதில் 5 மைக்ரோமீட்டர் கூம்பை எப்படிச் செதுக்குவது? கலத்தைக் கொஞ்சமும் அரிக்காமல் ஒளியை மட்டும் சாய்க்கும் ஒரு வழி தேவை. அந்த வழியாகத்தான் வெள்ளித் துகள்கள் வருகின்றன.

தங்கம் சிவப்பாக மாறும்போது

உலோகத்தை மிகச் சிறிய துகளாக்கினால் அதன் குணம் மாறிவிடும். இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைக்கர்கஸ் கிண்ணம் என்று ஒரு பொருள் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் செய்த கண்ணாடிக் கிண்ணம். வெளியிலிருந்து ஒளி விழும்போது அது பச்சையாகத் தெரியும். உள்ளே விளக்கை வைத்தால் செக்கச்செவேல் என்று மாறும். அந்தக் கண்ணாடியில் மிகக் குறைந்த அளவில் தங்கமும் வெள்ளியும் நானோ துகள்களாகக் கலந்திருப்பதுதான் காரணம்.

இதை முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலில் நீங்கள் படித்த அதே ஃபாரடேதான். தங்கத்தை நுண்துகள்களாக நீரில் மிதக்கவிட்டால் நீர் மாணிக்கச் சிவப்பாக மாறுவதை 1857ஆம் ஆண்டில் விளக்கினார். 1908ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்தாவ் மீ இந்த நிறத்திற்கான கணிதத்தை எழுதினார். இன்றும் நானோ துகள் ஆய்வாளர்கள் அந்தக் கணிதத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

துகளுக்குள் என்ன நடக்கிறது? உலோகத்தில் எலெக்ட்ரான்கள் கட்டுப்பாடின்றி நகரக்கூடியவை. ஒளி ஒரு மின்காந்த அலை. அதன் மின்புலம் ஒரு விநாடிக்குள் பல நூறு டிரில்லியன் முறை திசை மாறும். துகளில் உள்ள எலெக்ட்ரான்கள் அனைத்தும் சேர்ந்து அந்தப் புலத்திற்கேற்ப இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்.

ஆய்வுக்கூடத்தில் பார்ட்டன் ஊசலைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் ஊசலின் நீளமும் மற்றோர் ஊசலின் நீளமும் ஒன்றாக இருந்தால், அந்த ஊசல் மட்டும் மிகப் பெரிதாக ஆடும். அதுதான் ஒத்ததிர்வு, உங்கள் பாடநூலில் ‘ரெசோனன்ஸ்’. துகளில் உள்ள எலெக்ட்ரான் கூட்டத்திற்கும் இப்படி ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. ஒளியின் அதிர்வெண் அதோடு பொருந்தும்போது எலெக்ட்ரான் கூட்டம் பலமாக ஆடும். இந்தக் கூட்டு ஆட்டத்திற்கு ‘பிளாஸ்மான்’ என்று பெயர்.

ஆடும் மின்னூட்டம் தானும் மின்காந்த அலையை வெளியிடும். அதாவது, ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி அன்டெனா. நேராக வந்த ஒளியை வாங்கி, வேறு வேறு திசைகளில் அனுப்புகிறது. அருகில் ஒளிவிலகல் எண் அதிகமுள்ள பொருள் இருந்தால், பெரும்பகுதியை அந்தப் பக்கமே அனுப்பும். துகள் சிலிக்கானின் மேல் இருந்தால் ஒளி சிலிக்கானுக்குள் சாய்ந்து நுழைகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே.

செய்து பாருங்கள்

ஒளிச்சிதறலை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்புங்கள். இருட்டு அறையில் ஒரு டார்ச் விளக்கை அதன் பக்கவாட்டில் வைத்து ஒளியைச் செலுத்துங்கள். ஒளி நேராகக் கடந்து சுவரில் விழும். இப்போது இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். குவளை முழுவதும் ஒளிரும்; சுவரில் வெளிச்சம் மங்கும். ஒளி எங்கும் தொலைந்துவிடவில்லை. பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் அதை எல்லாப் பக்கமும் திருப்பிவிட்டன. அந்தத் துளிகளில் பிளாஸ்மான் கிடையாது என்றாலும், சிதறல் என்பது இதுதான்.

சிறியது நல்லதா, பெரியது நல்லதா?

வெள்ளித் துகள் ஒளியைச் சிதறடிப்பதோடு நிற்பதில்லை. ஒரு பகுதியைத் தானே உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். அந்தப் பகுதி நமக்கு நட்டம். சிதறலா, உறிஞ்சலா? எது வெல்லும் என்பதைத் துகளின் அளவு தீர்மானிக்கிறது.

அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்கு உறிஞ்சும் அளவு ஆரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. சிதறடிக்கும் அளவு ஆரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. ஆரத்தை இரு மடங்காக்குங்கள். உறிஞ்சல் 2 × 2 × 2 = 8 மடங்காகும். சிதறலோ 64 மடங்காகும். அதனால் 20 நானோமீட்டர் துகள் பெரும்பாலும் ஒளியைத் தின்றுவிடும். 100 நானோமீட்டர் அளவுள்ள துகள் பெரும்பாலும் சிதறடிக்கும். சூரிய மின்கலத்திற்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இவ்வளவு சிறிய துகள்களை எப்படிச் செய்வது? எளிய முறை ஒன்று உண்டு. வெற்றிடத்தில் வெள்ளியை ஆவியாக்கி, கலத்தின் மேல் பத்துப் பதினைந்து நானோமீட்டர் தடிமனுள்ள படலமாகப் படியவைக்கிறார்கள். பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் சூடாக்குகிறார்கள். வெள்ளி உருகுவது 962 டிகிரியில்தான். ஆனாலும் இவ்வளவு மெல்லிய படலத்தில் அணுக்கள் நகரத் தொடங்கிவிடும். மெழுகு தடவிய காரின் மேல் மழைநீர் முத்து முத்தாகத் திரள்வதுபோல், படலம் உடைந்து தனித்தனித் துகள்களாகத் திரளும். வெள்ளி நேரடியாகச் சிலிக்கானைத் தொட்டால் எலெக்ட்ரான்கள் அந்த இடத்தில் வீணாகும். அதனால் இடையில் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வைக்கிறார்கள்.

அந்த 16 மடங்கின் பொருள்

இப்போது தொடக்கத்தில் பார்த்த எண்ணுக்கு வருவோம். அந்தக் கலத்தின் தடிமன் 1.25 மைக்ரோமீட்டர். 1050 நானோமீட்டர் ஒளி சிலிக்கானில் போதுமான அளவு உறிஞ்சப்பட 600 மைக்ரோமீட்டர் அளவுக்கு ஆழம் தேவை. ஆகவே துகள்கள் இல்லாமல், அந்த ஒளி 1.25 மைக்ரோமீட்டரை ஒருமுறை கடக்கும்போது உறிஞ்சப்படுவது ஆயிரத்தில் சுமார் 2 பங்கு. அதை 16-ஆல் பெருக்குங்கள்: ஆயிரத்தில் 32. அதாவது 100க்கு ஏறக்குறைய 3.

16 மடங்கு என்பது உண்மை. ஆனால் அது மிகச் சிறிய ஒரு தொகையின் 16 மடங்கு. பத்து சென் வைத்திருந்தவர் ஒரு ரிங்கிட் அறுபது சென் வைத்திருப்பதுபோல. நீல ஒளியில் இப்படிப் பெருக்கவே முடியாது. அங்கே 100க்குப் பெரும்பகுதி ஏற்கெனவே உறிஞ்சப்பட்டுவிட்டது. எல்லா அலைநீளங்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்த மெல்லிய கலத்தின் மின்னோட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உயர்ந்தது. சூரிய மின்கல ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு என்பது மிகப் பெரிய முன்னேற்றம். ஆனால் 16 மடங்கு என்ற சொல் மனத்தில் எழுப்பும் படம் வேறு.

கூரைக்கு வராதது ஏன்?

இன்னும் சில தடைகள் உண்டு. துகள்களைக் கலத்தின் முன்பக்கம் வைத்தால், ஒத்ததிர்வைவிடக் குறைந்த அலைநீளங்களில், அதாவது நீலத்தின் பக்கம், துகள் அனுப்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். சிவப்பில் கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதி நீலத்தில் போய்விடும். இதனால் பிறகு வந்த ஆய்வாளர்கள் துகள்களைப் பின்பக்கத்திற்கு மாற்றினார்கள். நீல ஒளி பின்பக்கம் வரை வருவதே இல்லை, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நழுவி வரும் சிவப்பு ஒளியை மட்டும் துகள்கள் பிடித்துச் சாய்த்துத் திருப்பி அனுப்பும். நல்ல யோசனைதானே?

வெள்ளிக்கு விலை அதிகம். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்தும் போகும். அதனால் அலுமினியத் துகள்களையும், ஒளியைத் தின்னாமல் சிதறடிக்கும் டைட்டானியம் டைஆக்சைடு போன்றவற்றையும் முயன்று பார்க்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தை நிலவரம் மாறியது. 2008ஆம் ஆண்டுக்குப் பிறகு தூய சிலிக்கானின் விலை கடுமையாகச் சரிந்தது. தடித்த வில்லைகளே மலிவாகிவிட்டதால், மெல்லிய சிலிக்கானின் தேவை பின்னுக்குப் போனது. அறிவியல் சரியாக இருந்தாலும், ஒரு கண்டுபிடிப்பு கூரைக்கு வர விலையும் ஒத்துழைக்க வேண்டும்.

ஆனால் இந்த ஆய்வு வீணாகவில்லை. வளைக்கக்கூடிய, எடை குறைந்த கலங்கள் தேவைப்படும் இடங்களில் மெல்லிய படலமே பொருத்தம். மலேசியா 2050ஆம் ஆண்டுக்குள் தன் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக்க இலக்கு வைத்திருக்கிறது. அந்த ஆண்டில் உங்களுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். கலங்களை வடிவமைப்பவர்களாகவோ, எந்தத் தகட்டை வாங்குவது என்று முடிவு செய்பவர்களாகவோ நீங்கள் இருப்பீர்கள்.

அதுவரை, “சூரிய மின்கலத்தில் புதிய புரட்சி, பத்து மடங்கு உயர்வு” என்று எங்காவது படித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அலைநீளத்தில்? எதோடு ஒப்பிட்டு? எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தத்தில் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, அந்தச் செய்தியை நண்பர்களுக்கு அனுப்பலாம்.